கட்டம் இல்லாதவன்

சுவரில் மிச்சம் ஓர் இடம்தான்.
பதினாறு பித்தளைத் தகடுகள்.
பதினேழாவதற்கு நான்கு துளைகள்
போன வாரமே போட்டுவிட்டார்கள்.
தீயணைப்பு நிலையத்தின் மாடியில் ஏழு பேர்,
ஓட்டிஸ் மட்டுமே தின்றுகொண்டிருக்கும்
ஆறிப்போன பீட்சா,
ஓட்டுப் போட ஒரு காலி காபி டப்பா.
வெளியே ஓஹாயோவின் பிப்ரவரி
முழங்கையால் ஜன்னலை இடிக்கிறது.

"டெல்மர் ஃபோஸ்" என்கிறார் ஓட்டிஸ்,
இதற்கு ஒரு கூட்டம் வேறா என்பதுபோல.
குவாட்டர்பேக். தொண்ணூற்றொன்று. இறுதிப்போட்டி.
நாற்பது நொடி பாக்கி இருக்க அந்த எறிதல்.
பந்து வானத்தில் நின்றது என்பார்கள்.
நிற்கவில்லை.
கோட்டோரம் நான் இருந்தேன்.
நாற்பத்து மூன்று கெஜம்.
எழுதியது என் பென்சில்.

வெர்லின் ஒப்பவில்லை.
"மூன்று பருவம் ஆடினான், கார் விற்கப் போனான்.
ஐவோ ப்ரெகார் பதினோரு வருடம் உதைத்தான்.
ஆலை மூடியபிறகும் உதைத்தான்."
"உதைப்பவனா!" என்றார் பாதிரியார்.
"சட்டை அழுக்காகாமல் வீடு போனவன்."
"அழுக்குதான் தகுதி என்றால்
என் நாயைத்தான் மாட்டவேண்டும் சுவரில்."
பிறகு முக்கால் மணி நேரம்
செத்துப்போன பயிற்சியாளரின் வாய்க்கு
இரண்டு பக்கமும் தீர்ப்பு வைத்தார்கள்.

என் முறை.
"மிலன் கோஸ்டெல்னிக்" என்றேன்.
"யார்?"
"இடது கார்டு. அறுபத்தாறு."
"என்ன செய்தான்?"

அதுதானே சிக்கல்.
என் இருபத்தொன்பது நோட்டுகளிலும்
அவனுக்கு ஒரு கட்டம் இல்லை.
எறிந்தவனுக்கு உண்டு, பிடித்தவனுக்கு உண்டு,
தவறவிட்டவனுக்கும் உண்டு.
வந்து மோதியவனைத் தோளில் வாங்கி
இரண்டடி தள்ளி நிறுத்தியவனுக்கு
நான் கோடே இழுக்கவில்லை.
ஒளிநாடாவைப் போடுங்கள் என்றேன்.
அந்த எறிதலுக்கு முன் முழுதாக ஐந்து நொடி
டெல்மர்மேல் ஒரு விரல் படவில்லை.
கீழ் மூலையில் ஒரு முதுகு தெரியும்.
அவ்வளவுதான் அவன்.

அப்போது தெருவில்
இரும்பு தரையைச் சுரண்டும் சத்தம்.
ஆரஞ்சு வெளிச்சம் கூரையில் சுற்றிப் போனது.
பனி வாரும் லாரி.
அடங்கட்டும் என்று காத்திருந்தோம்.
மாவட்டத்தின் நாலாம் நம்பர் லாரியை
யார் ஓட்டுகிறான் என்று எனக்குத் தெரியும்.
சொல்லியிருக்கலாம்.
அழுகுணி ஆட்டமாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

டப்பாவைக் கவிழ்த்தார்கள்.
ஃபோஸ் நான்கு. ப்ரெகார் இரண்டு.
கோஸ்டெல்னிக் ஒன்று.
எல்லோரும் என்னைப் பார்த்துக்
கொஞ்சம் இரக்கமாகச் சிரித்தார்கள்.
நானும் சிரித்துவைத்தேன்.

அந்த ஒன்று என்னுடையது அல்ல.
சீட்டைக் கையில் எடுத்தபோது
என் பென்சில் தானாகவே
தனக்குத் தெரிந்த எண்ணுக்குப் போய்விட்டது,
தொழுவத்துக்குத் திரும்பும் மாடுபோல.
மிலன் பெயர் இருந்த சீட்டின் ஓரத்தில்
எண்ணெய்க் கறை.
ஓட்டிஸ் கையைத் துடைத்தபடி
கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.
நான் அவரைப் பார்க்கவில்லை.
அவரும்.

கீழே இறங்கினால்
வண்டி நிறுத்தும் இடம் வெறும் கருந்தரை.
இருபுறமும் இடுப்புயரம் பனி.
"நல்லவேளை, வழி இருக்கிறது" என்று
ஃபோஸுக்குப் போட்டவர் ஒருவர் சாவியைத் தேடினார்.
வண்டியைக் கிளப்பினேன்.
முன்னால் வெகு தூரத்தில்
ஆரஞ்சு விளக்கு திரும்பிக்கொண்டிருந்தது.
ஒரு கெஜம், இரண்டு, மூன்று என்று
உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே போனேன்.
பாலத்தருகே எங்கேயோ
எண்ணிக்கை விட்டுப்போயிற்று.